கிட்டுசாமிக்கு வாய்த்த அயர்லாந்துப் பெரியப்பா

டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் வசிக்கும் பொள்ளாச்சி கிட்டுசாமி, வம்சாவளி தேடித்தரும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். டியூடர் மன்னர்கள் காலத்து அயர்லாந்து அதிகாரிகளைக் கணினியில் ஏற்றுவது இந்த வருடத்து ப்ராஜெக்ட். துணையரசர், தலைமை நீதிபதி போன்ற பெரிய மனிதர்கள் மரியாதையாக ஏறிக்கொண்டார்கள். நிக்கலஸ் கோகன் மட்டும் ஆவியாக வீட்டுக்கே வந்துவிட்டார். டெக்சாஸ் கடன் வீட்டுக்கு நடுத்தர அதிகாரிதான் கட்டுப்படியாகும் போலிருக்கிறது.

கோகன் பார்த்த உத்தியோகத்துக்கு எஸ்சீட்டர் என்று பெயர். வாரிசில்லாமல் செத்தவரின் வீட்டை அளந்து இங்கிலாந்து அரசிக்குச் சேர்க்க வேண்டும். கடைசியில் அவரும் வாரிசில்லாமல்தான் செத்தார். அவர் வீட்டையும் எவனோ அளந்தான்.

மாடியில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்கும். கார்ப்பெட்டில் சேற்றுக் கால்தடம் இருக்கும். ஒருநாள் மகள் தென்றல் இறங்கி வந்து, "டாட், ஹி இஸ் மெஷரிங் மை ரூம்" என்றாள்.

மனைவி பவளம் அன்றே அக்கா இருக்கும் எடிசனுக்கு டிக்கெட் போட்டாள்.

"ஏனுங்க, அமாவாசைக்குள்ள அந்தாள அனுப்புங்க. இல்லீன்னா நானும் புள்ளையும் அக்கா ஊட்டுக்குப் போயிருவோம். நீங்க அவனோட குடித்தனம் பண்ணுங்க."

மகாளய அமாவாசையன்று கோயில் ஹாலில் கூட்டமாகத் தர்ப்பணம். கிட்டுசாமி எள்ளோடு உட்கார்ந்தார்.

"பேரு?" என்றார் சாஸ்திரிகள்.

"நிக்கலஸ் கோகன்."

டெக்சாஸில் நெடுங்காலம் இருப்பவர், புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "உங்களுக்கு என்ன முறை?"

உறவில்லாதவருக்கும் எள்ளும் தண்ணீரும் விடலாம், சாஸ்திரத்தில் இடமுண்டு. ஆனால் பக்கத்தில் ஆஃபீஸ் மேனேஜர் ரஞ்சித்குமார் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரே ஆவி, அயர்லாந்து என்றெல்லாம் விளக்க முடியுமா?

"பெரியப்பாங்க."

மூன்று முறை நீர் வார்த்து, பெரியப்பாவாகவே ஏற்றுக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்தால் மாடியில் சத்தமில்லை. ஹாலில் பெட்டிகள் தயாராக நின்றன. சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்க நாற்காலியில் கோகன் உட்கார்ந்திருந்தார். இதுவரை அவர் கீழே இறங்கியதே இல்லை.

"என்ன மொறைன்னு சொல்லித் தண்ணி உட்டீங்க?" பவளம் கிசுகிசுத்தாள்.

சொன்னார்.

"பெரீப்பாவா! போகச் சொல்லீட்டு வாங்கன்னா, மொற சொல்லிக் கூட்டியாந்திருக்கீங்க!"

கோகன் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுப் பெரியவர் காத்திருப்பதுபோல், இலை போட வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பவளம் வாசலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அமாவாசையும் அதுவுமாக, பெரிய மாமனார் முறையுள்ளவரைப் பசியோடு உட்காரவைத்துவிட்டு எந்த மருமகள் விமானம் ஏறுவாள்? இலை போட்டு, வடையை வைத்தாள்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க" என்றாள், முந்தானையை இழுத்துச் செருகியபடி.

கிட்டுசாமிக்கு உயிர் வந்தது.

கோகன் வடையைத் தொடவில்லை. இனி இங்கேதான் என்பதுபோல் மெல்ல எழுந்து, ஈரக் கோட்டைக் கழற்றி, வாசலோர ஆணியில் கிட்டுசாமியின் ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டினார்.