டிட்டோ போட்ட நோட்டு

1. பாட்டில் கழுவ ஒரு ஆள்

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஸ்கூட்டர் பாகங்களுக்கு நிக்கல் பிளேட்டிங் போடும் கம்பெனியில் நான் லேப் கெமிஸ்ட். லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு மேஜை, ஒரு பியூரெட் ஸ்டாண்டு, அப்புறம் என் கோபம்.

கோடை லீவில் காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட் செய்ய வருவார்கள். எல்லாம் ஆபீசர்களுக்கு வேண்டிய வீட்டுப் பிள்ளைகள். பாட்டில் கழுவுவார்கள், கேன்டீனில் வடை தின்பார்கள், சர்டிபிகேட்டோடு போய்விடுவார்கள். அந்த வருடம் ஓர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் கடிதம் எழுதி, வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேன்மொழியை அனுப்பினார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம். அவள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள்.

"ஒரு மாசம் பாப்போம்மா. உருப்படியா ஏதாவது பண்ணா அடுத்த வருஷமும் அந்தக் காலேஜ்ல எடுக்கலாம். இல்லன்னா இதோட சரி" என்றார் மேனேஜர். அதை அவள் முன்னாலேயே சொன்னார்.

வம்பில்லாத வேலையாகக் கொடுத்தேன். பிளேட்டிங் முடிந்த பாகத்தைக் கடைசியாகக் கழுவும் தண்ணீர், கடின நீரை மென்னீராக்கும் ஸாஃப்ட்னர் வழியாக வரும். வாரம் ஒருமுறை, ஞாயிறன்று உப்புப் போட்டால்தான் அது வேலை செய்யும். வரும் தண்ணீரில் கடினத்தன்மை எவ்வளவு என்று தினமும் டெஸ்ட் போட வேண்டும். அவ்வளவுதான்.

2. உன் கைதான் சரியில்லை

திங்கட்கிழமை அவள் ரீடிங்கும் லேப் நோட்டும் ஒத்துப்போயின. வியாழக்கிழமை அவளுடையது மூன்று மடங்கு.

"மேடம், நோட்டுல எல்லா நாளும் ஒரே மாதிரி கீதே. நாந்தான் தப்பா போடுறனா?"

"உன் கைதான் சரியில்ல. கலர் மாறினப்புறமும் சொட்டு விட்டுக்கினே இருக்க. திரும்பப் போடு."

திரும்பத் திரும்பப் போட்டாள், சனிக்கிழமை வரை. ரீடிங் ஏறிக்கொண்டேதான் போனது.

அடுத்த வியாழன் சிரித்த முகத்தோடு வந்தாள். "நோட்டு நம்பரே வந்துச்சி மேடம்."

நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் பியூரெட்டைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"டெஸ்ட் போட்டியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "போடல மேடம். போன வாரம் எப்டிப் போட்டாலும் தப்பாத்தான் வந்துச்சி. என்னால எங்க காலேஜ்ல இனிமே யாரையும் எடுக்காம பூட்டா இன்னா பண்றது? அதான் டிட்டோ போட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நோட்டில் திங்கட்கிழமை மட்டும்தான் நான் டெஸ்ட் போட்டு எழுதுவது. மற்ற நாளெல்லாம் டிட்டோ. வருடக்கணக்கில் போட்டுப் போட்டு, அது நிஜம் என்று நானே நம்பிவிட்டேன். இரண்டே வாரத்தில் அவளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பியூரெட்டை நிரப்பி நானே போட்டேன். அவளுடைய போன வியாழக்கிழமை நம்பர்தான் வந்தது. இன்னொரு முறை போட்டேன். அதேதான்.

"உன்மேல தப்பு இல்லடி" என்றேன்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கழித்த பாகங்களைக் குறிக்கும் ரிஜெக்ட் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிக் கிழமை வாரியாகக் கோடு போட்டாள். கடின நீர் காய்ந்து பாகங்களில் வெள்ளைப் புள்ளி விழுந்ததெல்லாம் வியாழன் முதல் சனி வரை. ஞாயிறு போட்ட உப்பு ஸாஃப்ட்னருக்குப் புதன் வரைதான் தாங்குகிறது. நாங்களோ புள்ளிக்குப் பாலிஷிங் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

3. கையெழுத்து

அவள் எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பத்தியில் நோட்டு நம்பர், பக்கத்துப் பத்தியில் அவள் நம்பர். என் வண்டவாளம் முழுக்க அதில் இருந்தது.

"நோட்டு நம்பர வுட்டுடலாமா மேடம்? உங்களுக்கு எதுனா ஆயிடப் போவுது."

சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் அதை எடுத்துவிட்டால் இத்தனை நாள் ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு ரிப்போர்ட்டில் பதில் இருக்காது. "இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டேன்.

"யாரு போட்ட டிட்டோ இது?" என்று மேனேஜர் கத்தினார்.

"நான்தான் சார்."

எனக்கு மெமோ. ஸாஃப்ட்னருக்கு வாரம் இருமுறை உப்பு. புள்ளி நின்றது. பாலிஷிங் ஆட்கள் தேன்மொழிக்குப் போண்டா வாங்கி அனுப்பினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த வருடத்துக்கு அந்தக் காலேஜிலிருந்து இரண்டு பேரை அனுப்பச் சொல்லி மேனேஜரே கடிதம் போட்டார்.

புதிதாக லேப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாணவர் நம்பர் உங்கள் நம்பரோடு சேரவில்லையென்றால், திட்டுவதற்கு முன் நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

ப்ராஜெக்டின் கடைசி நாள் தேன்மொழி கேட்டாள்: "இன்னிக்கு ரீடிங்க நோட்டுல நானே எழுதட்டா மேடம்?"

எழுதி, பக்கத்தில் தமிழில் முழுப் பெயரையும் போட்டாள். அந்த வரிக்குக் கீழே டிட்டோ போட எனக்குக் கை வரவில்லை.