பால் சங்கத்துப் போன்

தொண்டாமுத்தூரைத் தாண்டிய அந்த மலையடிவார ஊரில் செல்போனுக்கு சிக்னல் எடுக்காது. பால் சங்கத்து உறுப்பினர்களே கூடி, சங்கக் கட்டடத்துக்கு ஒரு போன் கொண்டுவந்திருந்தார்கள். ஊருக்கே அது ஒன்றுதான்.

நான் வீட்டுக்குப் பேசப் போனபோது, சேலையைத் தூக்கிச் செருகிய ஓர் அம்மா ரிசீவரோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அதை முந்தானையால் துடைத்து நீட்டினார்.

"வெளியூருங்களா? நீங்க மொதல்ல பேசுங்க."

புது வீட்டுத் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று மனைவியோடு சாவகாசமாக வாதாடினேன். அவர் வாசலில் நின்று மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் வனத்துறையைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, தோட்டத்துல யானை பூந்துருச்சுங்க. வாழையெல்லாம் போச்சுங்க. ஆள அனுப்புங்க."

எனக்குக் கூசிப்போயிற்று. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா."

"பேசறப்ப குறுக்க வரக்கூடாதுங்களே," என்றபடி படியிறங்கியவர் திரும்பிக் கேட்டார்: "ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

நீலத் திரைச்சீலைதான் வாங்கினோம். இன்னும் அதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.