ஜீப்பில் ஓர் இடம்

போடியிலிருந்து மலை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் பின்படி ஒரு சாண் அகலம்தான். அதில் கால் வைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு உண்டு. எழுபதுகளின் கடைசியில், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நானும் அந்தப் படிக்காக விடியலில் வந்து நிற்பேன். ஒரு வண்டிக்கு மூன்று வண்டி ஆட்கள் நிற்பார்கள். கங்காணி யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் ஏறலாம்.

பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து வரும் அக்கா ஒருத்தி ஏலக்காய் பறிப்பாள். பறித்த காயை நான் சுமப்பேன். அன்று இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டபடி என் எதிரே உட்கார்ந்திருந்தாள். மதுரைக் கல்லூரிப் பொருளாதார வாத்தியார் ஒருவர் சில நாட்களாக எங்கள் குடும்ப விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். வண்டியருகே நின்று அவளிடம், "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்றார்.

"நாலு பெத்தேன். ரெண்டுதான் நின்னுச்சு."

"இது எத்தனையாவது மாசம்?"

அது கங்காணியின் காதில் விழுந்துவிட்டது.

"மாசமாவா இருக்க? எறங்குடி. மேல எதும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அண்ணே, எல்லாரையும்விட வெரசாப் பறிப்பேண்ணே."

"எறங்குங்கிறேன்ல."

இறங்கினாள். வாத்தியாரைப் பார்த்து, "ஒங்க சோலி முடிஞ்சுச்சா சார்? இனி என் சோலிய நீங்க பாருங்க, ஏறுங்க" என்றாள். அவள் சேலை படியைத் தாண்டுவதற்குள் வேறொருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். என் இடத்தை நான் கொடுத்திருந்தாலும் கங்காணி அவளை ஏற்றியிருக்கமாட்டார். அதனால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தேன். பேசினால் என்னையும் இறக்கிவிடுவார் என்ற பயம்.

சாயங்காலம் வாத்தியார் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார். ஜனப்பெருக்கம் பற்றிப் படித்தவர்களுக்குள் நடக்கும் வாதத்தைச் சொன்னார். ஜனம் வேகமாகப் பெருகினால் நாட்டின் விளைச்சலையெல்லாம் வாய்களே தின்றுவிடும், கூலியும் ஏறாது என்பார்களாம் ஒரு சாரார். வறுமையும் பெற்ற பிள்ளை உயிரோடு நிற்குமோ என்ற பயமும்தான் அதிகப் பிள்ளைகளைப் பெறவைக்கின்றன என்பார்களாம் இன்னொரு சாரார். கைகள் கூடினால் செல்வமும் கூடும் என்பவர்களும் உண்டாம்.

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

"இன்னைக்குக் காலை வரைக்கும் முதல் பக்கம்."

அக்காவை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. தேவாரம் போய் விசாரிக்கவும் துணியவில்லை.

இப்போது ஆள் போதவில்லை என்று ஜீப்புக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடுகிறார்கள். பிறப்பு குறைந்துவிட்டதே என்று படித்தவர்கள் கவலைப்படுகிறார்கள். வயதான காலத்திலும் எப்போதாவது நான் மலையேறுகிறேன். எதிர் இருக்கை காலியாக இருந்தால், யாராவது வந்து உட்காரும்வரை என்னால் நிம்மதியாக இருக்க முடிவதில்லை.