பிஸ்கட் பாக்கெட்டுக்காக எழுதிய ஒரு வரி

கம்ப்யூட்டர் வேலையில் மற்றவர்கள் மிஷினை ஓட வைத்துப் பேர் வாங்குவார்கள். நான் அதைத் தூங்க வைத்துச் சம்பளம் வாங்கினேன். கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அறையை விட்டு நழுவியவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபிஸ். கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்குக்கு, மூட்டைகளின் பார்கோடைப் படிக்கும் கையடக்க ஸ்கேனர் செய்து கொடுத்தோம். அதன் லேசர் விளக்கை ஏற்றி அணைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர்; அதை எழுதியவள் நான். பேட்டரி ஒரு ஷிப்டு முழுக்கத் தாங்க வேண்டும், மூட்டை எண்ணிக்கை பிசகக்கூடாது, இல்லாவிட்டால் இருபது ஸ்கேனரும் திரும்பி வரும் என்று கிடங்கு மேனேஜர் சொல்லியிருந்தார். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத என்னை நிரந்தரமாக்குவதும் அதைப் பொறுத்ததுதான் என்று என் முதலாளி சிவபாலன் சொல்லியிருந்தார்.

குளிக்காத லேபல்

கிடங்கில் முதல் நாளே பேட்டரி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் செத்துவிட்டது. என் டிரைவரின் ஏற்பாடு எளிது. யாராவது ஸ்கேனரை உபயோகிக்கத் தொடங்கினால் ஒன்று கூட்டும். முடித்தால் ஒன்று கழிக்கும். பூஜ்யம் வந்தால் விளக்கை அணைத்துத் தூங்க வைக்கும். லேபல் கிழிந்து, படிக்க முடியாமல் போனால் மட்டும் கழிக்க மறந்திருந்தேன். காலையில் ஒரே ஒரு மோசமான லேபல் போதும், அன்று முழுக்க ஸ்கேனருக்குத் தூக்கமே கிடையாது.

ஆபிஸில் நான் சோதித்ததெல்லாம் கடையில் வாங்கிய புத்தம்புது பால் டின்கள். இங்கேயோ மழையில் நனைந்த வெங்காய மூட்டைகள். பக்கத்துப் பண்டமாரானிலிருந்து வந்து மூட்டை எண்ணும் லெட்சுமி அக்காவிடம் இதை ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க ஆபிஸ்ல லேபல் எல்லாம் கோயிலுக்குப் போற மாதிரி குளிச்சிட்டு வருமா தங்கச்சி?"

ஒரு மூட்டை குறைவு

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கழிக்க மறந்ததைச் சரிசெய்ததோடு நிற்காமல், இரண்டு விநாடி சும்மா இருந்தாலே தூங்கிவிடு என்றும் எழுதினேன். பேட்டரி சாயங்காலம்வரை ஜம்மென்று தாங்கியது. ஆனால் ஒவ்வொரு லோரிக்கும் கணக்கில் ஒரு மூட்டை குறைந்தது. தூங்கி எழும் லேசருக்கு நிதானத்துக்கு வர அரை விநாடி வேண்டும். என் டிரைவரோ அதற்கு முன்பே "பீப்" அடித்துவிடும். சத்தம் வரும், முதல் மூட்டையின் எண் உள்ளே போகாது.

லோரிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மேனேஜர் போன் செய்தார். சிவபாலன் எதற்கும் குரலை உயர்த்தாத யாழ்ப்பாணத்துக்காரர், அன்றும் உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நித்திரை கொள்ள வைக்கச் சொன்னா, நீர் மயங்கி விழ வைச்சிருக்கிறீர்."

ஒரு மூட்டை அதிகம்

ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினேன். லேசர் முழுசாக விழித்த பிறகுதான் இனி பீப். கடைசிச் சோதனைக்கு மேனேஜரே ஒரு லோரி மூட்டைகளைக் கையால் எண்ணினார். அறுபது. ஸ்கேனர் அறுபத்தொன்று என்றது. அவர் ஸ்கேனர்கள் வந்த காலிப்பெட்டிகளை எடுத்து வரச் சொன்னார். இருபதையும் திருப்பி அனுப்பத்தான்.

அப்போது லெட்சுமி அக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். முதல் எண்தான் காணாமல் போகிறது என்று அவர் என்றைக்கோ கண்டுபிடித்து, ஒவ்வொரு லோரிக்கும் முதலில் அந்த பாக்கெட்டின் பார்கோடைக் காட்டி ஸ்கேனரை எழுப்பிக்கொண்டிருந்தாராம். நான் திருத்தியதும் பிஸ்கட்டும் மூட்டையாகிவிட்டது. மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிஸ்கட் இல்லாமல் அடுத்த லோரியை எண்ணினோம், சரியாக இருந்தது. சாயங்காலம் மணி அடித்தபோது பேட்டரியும் மிச்சமிருந்தது. பெட்டிகள் காலியாகவே திரும்பிப் போயின.

மறுவாரம் போனால் அக்கா கையில் மறுபடியும் அதே பிஸ்கட். இனி வேண்டாமே என்றேன். "தெரியும்லா. ஆனா எழுப்பாம வேலை சொன்னா பாவமா இருக்கு தங்கச்சி."

மிஷினைத் திருத்த எனக்கு ஒரு வாரம் ஆனது, அக்காவைத் திருத்த முடியாது என்று புரிய ஒரு நிமிஷம்தான் ஆனது, ஆகவே அந்த பிஸ்கட்டின் எண் வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டு வேலையில் நிரந்தரமானேன்.