ஜீப் நிற்கும் இடத்தில் நின்றவர்

என் கணவர் போடியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான் அவருக்கு எல்லாமும். அப்பா செத்த பிறகு பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடேயே இருந்தவர், யோசித்தபடி ஊரைத் தாண்டி நடந்து போய்விடுகிறவர், சாகும் முன் தான் எழுதிவைத்திருந்ததையெல்லாம் நண்பர்களைக் கொண்டு எரிக்கச் செய்தவர் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். என் மாமனாரைவிட அந்த மனிதரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும்.

"சந்தையப் பத்தி எழுதினாகன்னுதான் எல்லாரும் சொல்றாக. அதுக்கு முன்னாடி மனுசன் மனசப் பத்தியில்ல எழுதினாக," என்று குறைப்படுவார். நாம் செய்வதையெல்லாம் நமக்குள்ளிருந்தே ஒருவர், யார் பக்கமும் சாயாமல், பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த மனிதரின் எண்ணம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து பெண்களை அளவுக்கு மேல் ஏற்றிவந்த ஜீப் ஒன்று மலைப்பாதையில் உருண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அடப் பாவமே" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னும் ரசம் ஊற்றச் சொன்னார். அன்றைக்கு அயர்ந்து தூங்கினார்.

மறுநாள் வகுப்பில் அவர் சுண்டுவிரலைப் பற்றிப் பேசினாராம். தூரதேசம் ஒன்று பூகம்பத்தில் அழிந்தது என்று கேட்டால் ஒருவன் வருத்தப்பட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். தன் சுண்டுவிரல் நாளைக்குப் போகப்போகிறது என்றால் அவனுக்குத் தூக்கம் வராது. அதற்காக, அந்த விரலைக் காப்பாற்ற அத்தனை ஜனங்களையும் சாகவிடுவானா? விடமாட்டான், உள்ளே இருப்பவர் சம்மதிக்கமாட்டார். இது அந்த ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன உதாரணம். சொல்லி முடித்துவிட்டு, வழக்கமாகக் கேள்வி கேட்கும் ஒரு பெண்ணைத் தேடியிருக்கிறார். அவள் இடம் காலியாக இருந்தது.

"அவ அம்மா நேத்து அந்த ஜீப்புல இருந்தாக சார். செத்துட்டாக," என்றாளாம் பக்கத்தில் இருந்தவள்.

மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று கேட்டார்: "நேத்து நான் ரசம் கேட்டேன்ல?"

"ஆமா, கேட்டீக."

செருப்போடேயே வாசலுக்குத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலவே சாப்பிடுவார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்கும். "யாரத்தான் பாக்குறீக?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் பாக்கல. என்னையத்தான் பாக்குறாக," என்றார். அப்புறம் நான் கேட்கவே இல்லை.

அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு, அம்மா போன வேலைக்கே போகத் தொடங்கினாள். இவர் விடிந்ததும் விடியாததுமாக ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய், கல்லூரிக்குத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுவார். தம்பி தங்கச்சிக்கு யார் சோறு போடுவது என்று அவள் கேட்டிருக்கிறாள். ஆனாலும் இவர் போவதை நிறுத்தவில்லை. பேசாமல் ஓரமாக நின்றுவிட்டு வருவார். ஒருநாள் அவளே அருகில் வந்து சொன்னாளாம்:

"இங்கன வராதீக சார். உங்களக் கண்டா பொம்பளைக வண்டியில ஏறப் பயப்படுறாக."

சாவை அழைத்து வருகிற ஆளாக அவரை நினைத்துவிட்டார்கள். அன்றோடு போவதை விட்டார். சுண்டுவிரல் பாடத்தையும் அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அவர் காலமான பிறகு அவள் துக்கம் கேட்க வந்தாள். மலைக்கு மேலே வாழ்க்கைப்பட்டிருந்தாள். பேச்சில் மலையாளம் கொஞ்சம் கலந்திருந்தது. கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வராதீகன்னு சொன்ன பெறகும் சார் வந்தாகளே, அதச் சொல்லத்தான் வந்தேன். வேலைய விடுற வரைக்கும் தெனமும் பாத்தேன். பனிக்குள்ள, அந்தப் புளியமரத்தடியில நிப்பாக. ஆளு நெறைஞ்ச வண்டியில ஏறப் போனா கண்ணு அங்கன போயிரும். ஏறமாட்டேன்னுருவேன். என்னையப் பாத்து மத்த பொம்பளைகளும் எறங்கிருவாக. டிரைவர் வையத்தான் செய்வான்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த வருஷங்களில் ஜீப் கிளம்பும் நேரத்துக்கு அவர் என் பக்கத்தில்தான் படுத்திருந்தார், கண்ணைத் திறந்தபடி.