குழுப்படத்துக்குப் போட்ட மாலை

எங்கள் பள்ளிக்கூடம் நிற்கிற இடத்தில் முன்னொரு காலத்தில் பேஸ்போல் மைதானம் இருந்தது. மொன்றியலுக்குப் பெரிய லீக் குழு கிடைப்பதற்கு முன்னர், அதற்கு ஒரு படி கீழே ஆடிய குழுவின் மைதானம். ஆறாம் வகுப்பில் உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சி வைத்தபோது நான் அந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தேன். பேஸ்போல் பிடித்ததால் அல்ல. அதற்கு வருடவாரியாகப் பெயர்ப்பட்டியல் இருந்தது. பட்டியல் உள்ள எதையும் என்னால் பிழையில்லாமல் செய்து முடிக்க முடியும் என்று நம்பினேன். இன்று மென்பொருளில் பிழை தேடுவதுதான் என் வேலை. அந்த நம்பிக்கையில் பாதிகூட மிச்சமில்லை.

மரப்பலகை இருக்கைகள், ஏப்ரல் பனியில் கம்பளிக் கோட்டோடு குந்தியிருந்து பார்த்த சனம், எல்லாவற்றையும் நூலகத்தில் படித்து எழுதினேன். நன்றாக ஆடியவர்களைப் பெரிய லீக் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் ஏதோ ஒரு வருடம் பட்டியலில் இல்லாமல் போனார்கள். எங்கே போனார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆகவே நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பெயர் இல்லையென்றால் ஆள் இறந்துவிட்டார். குழுப்படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி, ‘இவர்கள் அனைவரும் காலமாகிவிட்டார்கள்’ என்று கீழே பிரெஞ்சில் எழுதினேன்.

அம்மாவின் தம்பியான சின்னமாமா அப்போது எங்களோடு இருந்தார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்பவர். கண்காட்சி அறிவித்தலைத் தன் தக்காளிப் பெட்டிகளுக்கு மேல் ஒட்டி, வந்தவர் போனவரிடமெல்லாம் என் பெருமை பேசியவர். அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“செத்த ஆக்களின்ரை படத்தை இப்பிடி மொட்டையா வைக்கிறதே? அக்கா, அண்ணையின்ரை மாலையை ஒருக்காத் தாங்கோ. பேந்து கொண்டுவந்து போடுறன்.”

அண்ணை என்றது பெரியமாமாவை. ஊரில், போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவருடைய படம் சாமித்தட்டில் இருந்தது. அதற்குச் சந்தனமாலை போட்டது முந்தின வருடம்தான்; போட்டவர் சின்னமாமா. அம்மா அன்று குசினியை விட்டு வெளியே வரவில்லை. இப்போது மாலையைக் கேட்டதும், நான் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கழற்றிக் கொடுத்தார்.

உடற்பயிற்சிக்கூடத்தில் என் மேசைதான் எடுப்பாக இருந்தது. மாலை, பற்றரி விளக்கு, ஒரு தட்டில் பூ. இறந்தவர்களை நாங்கள் இப்படித்தான் மதிப்போம் என்று வகுப்பு முழுவதற்கும், வந்திருந்த பெற்றோருக்கும் விளக்கினேன். ஆசிரியை கண் கலங்கினார். அதை நான் மிகவும் இரசித்தேன்.

அப்போது ஊன்றுகோலோடு ஒரு கிழவர் வந்தார். சந்தையில் அறிவித்தலைப் பார்த்தாராம். குனிந்து, நான் எழுதியிருந்ததை நிதானமாக வாசித்தார். பிறகு பின்வரிசையில், காதுகள் விரிந்த ஒரு பையனின் மேல் விரலை வைத்தார்.

“இது நான்” என்றார் பிரெஞ்சில்.

வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். என் காது இரண்டும் கொதித்தன. எதற்கு மாலை என்று அவர் கேட்டார். சின்னமாமா தன் சந்தைப் பிரெஞ்சோடு பாய்ந்து வந்து, “வெண்ட ஆக்களுக்கு, மெஸ்யூ” என்று பொருள்படச் சொன்னார்.

“நான் இருந்தவரையில் நாங்கள் வெல்லவேயில்லை. ஆனாலும் எனக்கு ஒன்று போடலாம்” என்று கிழவர் தலையைத் தாழ்த்தினார்.

சின்னமாமா படத்து மாலையை எடுத்து உயிரோடு நின்ற மனிதரின் கழுத்தில் போட்டுவிட்டார். பக்கத்து மேசைப் பையனின் தாய், எங்கள் ஊர்க்காரி, என் காதுக்குள் சொன்னார்: “செத்தவீடு முடிஞ்சுது பிள்ளை. எட்டுச்செலவுச் சாப்பாடு எப்ப?”

நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம். அதுவரை சுவரோரம் நின்ற அம்மா முன்னால் வந்து என் தோளைப் பிடித்தார்.

“இவ்வளவு நாளும் எங்கை இருந்தவராம் எண்டு கேள்.”

“அம்மா, அப்பிடிக் கேக்கேலாது.”

“கேள்.”

தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். கிழவர் சிரிக்கவில்லை. பந்து பிடிக்கும்போது முழங்கால் உடைந்ததாம். பிறகு வெதுப்பகமொன்றில் பாண் வண்டி ஓட்டினாராம்.

“இங்கேதான் இருந்தேன், மதாம். மூன்று தெரு தள்ளி. யாரும் தேடி வரவில்லை.”

அதையும் சொன்னேன். அம்மா தலையாட்டினார். கிழவர் மாலையோடு வீட்டுக்குப் போய்விட்டார். அதைத் திருப்பிக் கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அடுத்த கிழமை சின்னமாமா புதுச் சந்தனமாலை வாங்கி வந்தார். “வேண்டாம் தம்பி, கிடக்கட்டும்” என்றார் அம்மா. கோபம் என்றுதான் நினைத்தேன். மாலையைத் தொலைத்ததற்கு, சபையில் மானத்தை வாங்கியதற்கு.

அன்று பின்னேரமே அம்மா பெரியமாமாவின் படத்தைச் சாமித்தட்டிலிருந்து எடுத்துத் துடைத்து, தொலைக்காட்சிக்கு மேலே, சின்னமாமா தக்காளிப் பெட்டிகளோடு நிற்கும் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இடம் போதவில்லை. என் பள்ளிக்கூடப் படத்தை ஓரத்துக்குத் தள்ளினார்.

அதுதான் எனக்குத் தந்த தண்டனை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.