வெங்காயக் குடோனில் ஒரு குடித்தனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். கையெழுத்துப் போடும்போது பேனாவை ஒரு சுழற்றுச் சுழற்றுவேன் பாருங்கள், கலெக்டர் தோற்றுப்போவார். ஆனால் எதில் போடுகிறேன் என்று பார்க்க மாட்டேன். இந்த லட்சணத்தில் எனக்கு வேலை இன்சூரன்ஸ் ஆபீஸில். வருகிறவர்களிடமெல்லாம், "நல்லாப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்வதற்குத்தான் சம்பளம்.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம், பாளையங்கோட்டையில் நடந்தது இது. எங்களுக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. மகள் பிளஸ் டூ படிப்பதற்காக அதற்கு முந்தைய வருஷமே இங்கே ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தோம். கீழே வீட்டுக்காரர், இரும்புக்கடை அண்ணாச்சி.

வந்த புதிதில் கேஸ் இணைப்புக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அக்ரிமென்ட் என்பது வீட்டுக்காக எழுதுவதில்லை, கேஸுக்காக எழுதுவது. கோர்ட் பக்கத்தில் டைப் அடிப்பவரிடம் போய், "பழசு ஏதாவது கம்ப்யூட்டர்ல கெடக்கும்லா, அதுல பேரை மட்டும் மாத்திக் குடும் வே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று விரட்டியது நானேதான். "ஒரு தடவ படிச்சுக்கிடும்" என்றார் அவர். நான் பேனாவைச் சுழற்றினேன். அண்ணாச்சி கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே தன் கையெழுத்தைப் போட்டார். கேஸ் ஆபீஸிலும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சிலிண்டர் வந்துவிட்டது.

பொங்கலுக்கு அண்ணாச்சியின் மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினான். இனி இங்கேதானாம். மறுவாரம் அண்ணாச்சி மாடியேறி வந்தார்.

"மாசக் கடைசிக்குள்ள மாடிய ஒழிச்சுக் குடுத்திரும் வே. பையனுக்கு வேணும்."

மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. அவள் அறைச் சுவர் முழுக்க வேதியியல் சமன்பாடுகள் எழுதி ஒட்டியிருந்தாள். உள்ளே எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. புத்தகத்தைப் பட்டென்று மூடி வைத்தாள். அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது.

அண்ணாச்சி இறங்கியதும் மனைவி கேட்டாள்: "காலி பண்ண எத்தன மாசம் டைம் குடுக்கணும்னு அக்ரிமென்ட்ல போட்டிருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மனைவியிடம் அப்படிச் சொல்லிவிட முடியுமா? "எல்லாம் நமக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கேன்" என்று மார்தட்டிவிட்டு, பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். அண்ணாச்சி, அவர் சம்சாரம், மகன் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வக்கீல் மாதிரி உரக்க வாசித்தேன்.

"மேற்படி இடத்தை வெங்காய மூட்டைகள் அடுக்கி வைப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்."

எனக்கே காது அடைத்தது. கண் அடுத்த வரிக்கு ஓடியது. வாயை நிறுத்தத் தெரியாமல் அதையும் வாசித்துத் தொலைத்தேன். அங்கே தீ மூட்டிச் சமைக்கக் கூடாதாம். இரவில் ஆட்கள் தங்கக் கூடாதாம்.

யாரோ வெங்காய வியாபாரியின் குடோன் ஒப்பந்தத்தில் எங்கள் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார் டைப் அடித்தவர். நான் கேட்டபடியே!

மகன்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ வந்த அன்னைக்கே ஒப்பந்தத்த மீறிட்டியளே அண்ணே. மாசக் கடைசி என்ன, நாளைக்கே ஒழிக்கச் சொல்லலாம் போலுக்கே."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. மகளின் மேஜையும் நாற்காலியும் லோடு ஆட்டோவில் ஏறுவது என் கண்முன் தெரிந்தது. வக்கீலுக்கு வேர்த்துவிட்டது.

மனைவி என் கையிலிருந்து பத்திரத்தைப் பிடுங்கி, பக்கத்தைத் திருப்பினாள். நிதானமாகப் படித்தாள்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல உங்களுக்கும் இருக்கு. விடியக்காலம் லாரி வந்தா நீங்கதான் கேட்டைத் தொறந்து விடணுமாம். மூட்ட எறக்குறதுக்கு எடஞ்சல் பண்ணக் கூடாதாம். நாளைக்கு லாரிய வரச் சொல்லட்டுமா? மாடிப்படி தாங்குமா?"

முதலில் சிரித்தது அண்ணாச்சியின் சம்சாரம். "ஏளா, சிரிக்காத" என்று அதட்டிய அண்ணாச்சி, அதட்டி முடிப்பதற்குள் தானும் சிரித்துவிட்டார். "நானும் படிக்கலயே வே!" மகன் மட்டும் கொஞ்சநேரம் முறைப்பாக இருந்து பார்த்தான், முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மனைவி சொன்னாள்: "பரீட்ச முடியட்டும் அண்ணாச்சி. மே மாசம் நாங்களே ஒழிச்சுத் தாறோம். அதுவரைக்கும் இருக்கதுக்கு ஒழுங்கா ஒண்ணு எழுதிக்கிடுவோம்."

அண்ணாச்சி மகனைப் பார்த்தார். "பிள்ள படிக்கட்டும்லே. அதுவரைக்கும் எங்க ரூம எடுத்துக்கோ. நாங்க இங்கன படுத்துக்கிடுதோம்."

மறுநாள் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டினேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு சொன்னார்: பத்திரம் எவ்வளவு கோளாறாக இருந்தாலும், வாடகை கொடுத்துக் குடியிருப்பவரை வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியே தள்ள முடியாது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த முடியாது. ஆனால் குடோன் என்று எழுதிவிட்டு ஏன் குடியிருந்தீர் என்பதைக் கோர்ட்டில் விளக்குவதற்குள் உமக்குத் தலை நரைத்துவிடும். அதனால், குடியிருக்கத்தான் வீடு என்பதிலிருந்து தொடங்கி, எவ்வளவு காலம், அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும், காலி செய்ய எத்தனை மாத அவகாசம், மோட்டார் பழுதானால் யார் செலவு, வீட்டுக்காரர் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது வரை எழுதி, பதிவும் செய்துவிடும் என்றார்.

மகள் மே வரை அதே அறையில் இருந்தாள். சுவரில் ஒரு சமன்பாட்டையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. எனக்கோ, இன்றைக்கும் பேனா மூடியைத் திறந்தால் வெங்காய வாசம் வருகிறது. அடுத்தவருக்குச் சொல்கிற புத்தியைத் தனக்கும் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது.

புது ஒப்பந்தம் எழுத நானும் அண்ணாச்சியும் அதே டைப்பிஸ்டிடம்தான் போனோம். வரிக்கு வரி விரல் வைத்து, பின்னால் நின்றவர்கள் முனகுவதையும் பொருட்படுத்தாமல் முழுசாகப் படித்தேன். பேனாவைச் சுழற்றாமல் கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை அண்ணாச்சி பக்கம் தள்ளினேன். அவர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"நீங்களும் ஒரு தடவ நல்லாப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க அண்ணாச்சி" என்றேன், ஆபீஸ் குரலில்.

"அதான் நீரு படிச்சிட்டீருல்லா வே."